கப்பலுக்குப் போகும் முன் நீ ஒப்படைத்தவை

அம்மா,

பக்கத்து வீட்டு மதில்மேல் இரண்டு ஜோடிப் பள்ளிச் சப்பாத்துகள் காய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை. காக் ரொஹானியின் பேரப்பிள்ளைகள் அவற்றைத் தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, வெயில் விழும் பக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வெள்ளைப் பூச்சின் மணம் சன்னல் கம்பி வழியாக உள்ளே வந்தபோது நான் என் மகள் கயலை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அவள் தலையைத் தூக்கி, என்ன ஆயிற்று உனக்கு என்பதுபோல் பார்த்தாள்.

நம் வீட்டு மதிலிலும் இப்படித்தான் காயும். சின்னது என்னுடையது, பெரியது உன் சீருடைச் சப்பாத்து. இரண்டுக்கும் ஒரே புட்டி. கடற்படை லெப்டினன்டும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் கார் நிறுத்தும் போர்ச்சில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, யாருடையது அதிக வெள்ளை என்று போட்டி போடுவோம். அப்பாதான் நடுவர். தீர்ப்பு எப்போதும் என் பக்கம்தான் விழும். "நடுவருக்கு யாரோ கோழி வாங்கிக் குடுத்திருக்காங்க" என்று நீ முகத்தைச் சுளிப்பாய்.

நீ கண்மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன். நினைத்ததோடு சரி. தாமதமாக வருகிறவர்களைக் கண்டால் உனக்குப் பிடிக்காது, தெரியும். ஆனால் இன்று எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் நாளைக் காலை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

கயலை நீ பார்க்கவில்லை. பத்து மாதம் முடிந்துவிட்டது. உன் நெற்றி, அப்பாவின் காது, சத்தம் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. ஏழாவது மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, என் கையிலேயே விறைத்து, கண் மேலே போய்விட்டது. காய்ச்சல் வலிப்பு. சில பிள்ளைகளுக்கு வரும், வளர வளர நின்றுவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நான் மருந்தாளர், அம்மா. மருந்தகச் சன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு இதே வார்த்தைகளை எத்தனை தாய்மாருக்கு நானே சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து அவளைக் கண்ணைவிட்டு நகர்த்தியதில்லை. குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி குளிக்கிறேன். வேலைக்குத் திரும்புவதை இரண்டு தடவை தள்ளிப்போட்டாகிவிட்டது. இனித் தள்ள முடியாது, திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று மேலதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதை விட்டுவிட மனமில்லை.

அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். நம் அப்பா. மோட்டார் சைக்கிள் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கச் சாவி தேடுகிறவர்.

எனக்கு உன்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது. என்னை விட்டுவிட்டு வாரக்கணக்காகக் கடலுக்குப் போனாயே, எப்படிப் போனாய்?

இருக்கும்போது கேட்கத் தோன்றவில்லை. நீ போவது எனக்கு அவ்வளவு சாதாரணமாக இருந்தது. மற்ற பிள்ளைகளின் அம்மா சந்தைக்குப் போவார்கள், என் அம்மா சண்டாகான் துறைமுகத்துக்குப் போவாள்.

நீ கடற்படையில் சேர்ந்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாய். தஞ்சோங் காராங் பக்கத்துத் தோட்டத்தில், லயத்தில் பிறந்தவள் நீ. கூலியாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகள் பட்டம் வாங்கியதே தோட்டத்துக்குப் பெரிய செய்தி. அதற்குமேல் கடற்படை அதிகாரி வேலைக்குத் தேர்வாகிவிட்டேன் என்று நீ வந்து நின்றபோது, உன் பெரியப்பா நிதானமாக வெற்றிலையை மடித்தபடி, "பாகான் நக்கோடா ஓமார் மீன்பிடிக் கிராமத்துக்குப் போனா நாளைக்கே மீன் படகுல ஏத்திக்குவாங்க, இதுக்கு எதுக்கும்மா லுமுட் வரைக்கும் போறே?" என்று கேட்டாராம். அவர் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுவாய். பிறகு கப்பல் விருந்துகளிலும் மலாயில் இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்ததாகக் கேள்வி.

முதல் கடல் பயணத்தில் லங்காவி வருவதற்குள் உன் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தாய். அதை அலசிக் காயவைத்து, மறுநாள் அதையே போட்டுக்கொண்டு அணிவகுப்பில் நின்றாய். இதையும் நீ மறைத்ததில்லை. மறைக்கத் தெரியாத அதிகாரி நீ.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நீ பீரங்கி சுடுவதாக நினைத்தார்கள். நீ பொருள்வழங்கல் பிரிவு. அரிசி, டீசல், திருகாணி, சோப்பு, வெங்காயம், இயந்திரத்துக்கு மாற்றுச் சாமான், எல்லாம் கப்பலில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது உன் வேலை. அம்மா கடல் கொள்ளைக்காரனைப் பிடித்திருக்கிறாயா என்று ஒருநாள் நான் ஆசையாகக் கேட்டேன். வகுப்பில் போய்ச் சொல்ல வேண்டுமே. நீ யோசித்துவிட்டு, "நான் யாரையும் பிடிச்சதில்லம்மா. ஆனா சம்பாலுக்கு நெத்திலி தீர்ந்துபோன அன்னிக்குக் கப்பலே திரண்டு என்னைப் பிடிக்க வந்துச்சு" என்றாய். வகுப்பில் அதைத்தான் சொன்னேன். கொள்ளைக்காரனைவிட அது நன்றாக எடுபட்டது.

அப்பா அப்போது செம்பனைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. தோட்டத்து ஆபீஸை விட்டு அவர் நகர முடியாது, லுமுட் கடற்படைத் தளத்தை விட்டு நீ நகர முடியாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நீ கடலோரச் சாலையில் வேகமாக ஓட்டிக்கொண்டு வருவாய். பாகானில் நிறுத்தி இறால் வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டுக்கொள்வாய். சுங்கை புரோங் வயல் பக்கம் வந்ததும் அப்பாவுக்குப் போன் அடித்து அடுப்பில் சட்டியை வைக்கச் சொல்வாய். அவர் வைத்து எண்ணெய் காய்வதற்குள் கார் வாசலில் நிற்கும். "இது காடியா, ஏவுகணையா?" என்பார்.

காப்பிக் கடையில் சிலர் அவரைச் சீண்டாமல் இல்லை. கிராணி வீட்டில் ஆம்பளை சமைக்கிறான், பொம்பளை சல்யூட் அடிக்கிறாள் என்று ஒருவர் அவர் காது கேட்கவே சொன்னார். அப்பா தேத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டு, "சல்யூட்தானே லா அடிக்கிறா. உங்க வீட்டுல எதை வச்சு அடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாராம்.

நீ கிளம்பும் சடங்கு ஒன்று இருந்ததே. அதைத்தான் இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கப்பல் கிளம்புகிற பயணம் என்றால் நீ சும்மா டாட்டா காட்டிவிட்டுப் போக மாட்டாய். சீருடையோடு போர்ச்சில் நிற்பாய். எதிரில் அப்பா, பெரும்பாலும் சாரமும் பனியனுமாக. கப்பலில் காவல் மாறும்போது ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரியிடம் எப்படி எல்லாவற்றையும் சொல்லி ஒப்படைப்பாரோ, அப்படியே வீட்டை ஒப்படைப்பாய். கேஸ் தோம்பு பாதிதான் இருக்கிறது. தண்ணீர்ப் பம்ப் சத்தம் போடுகிறது, கவனம். புதன்கிழமை பள்ளியில் ஊசி. பிள்ளைக்கு இருமல் இருக்கிறது, ஐஸ் கேட்பாள், ஏமாந்துவிட வேண்டாம். எல்லாம் சொல்லி முடித்து, "சந்தேகம்?" என்பாய். அப்பா ஏதாவது கேட்பார், அல்லது இல்லை என்பார். நீ, "ஒப்படைக்கிறேன்." அவர், "ஏத்துக்கிட்டேன்." அவ்வளவுதான். அவர் அதைச் சொல்லும்வரை நீ ஓரடி நகரமாட்டாய். சொன்ன பிறகு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டாய். வழியில் எந்தத் துறைமுகத்திலிருந்து போன் செய்தாலும் கேள்வி மட்டும்தான். இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒன்றும் வராது. பொறுப்பில் இருக்கிறவர் கையைப் பிடித்து இழுத்தால் கப்பல் பாறையில் ஏறும் என்பது உன் கட்சி.

நீ காரில் ஏறியதுமே அப்பா என்னைச் சமையல்கட்டுக்குள் கூட்டிப்போய்விடுவார். முட்டை பொரிக்க வேண்டும், வெங்காயம் உரிக்க வேண்டும், ஏதாவது ஒரு வேலை தயாராக இருக்கும். அதனால் நீ போவதை நான் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

இதை நான் முதலில் உங்கள் இருவரின் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். லுமுட்டில் குடும்பங்களைக் கப்பலுக்கு அழைத்த நாளில்தான் புரிந்தது. ஏணிப்படியின் தலையில் நீ பணியில் நின்றுகொண்டிருந்தாய். நான் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தேன். நீ குனியவில்லை. கண் மட்டும் சிரித்தது. நான் அழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் இன்னோர் அதிகாரி வந்தார். இருவரும் நேருக்கு நேர் நின்று தாழ்ந்த குரலில் நீளமாகப் பேசினீர்கள். அவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி சல்யூட் அடித்தார். அடுத்த நொடி நான் உன் இடுப்பில் இருந்தேன், உன் தொப்பி என் மூக்குவரை இறங்கியிருந்தது. அப்பா என் காதில், "இப்பத்தான் உன் அம்மா. அதுவரைக்கும் கப்பலோட ஆளு" என்றார்.

லோரி கவிழ்ந்த நாள் நினைவிருக்கிறதா? உனக்கு மறந்திருக்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

பாதி ஒப்படைப்பில் தோட்டத்துப் பையன்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, செம்பனைக் குலை ஏற்றிப்போன லோரி பாலத்தடியில் லோங்காங்கில் சாய்ந்துவிட்டது, கிராணி உடனே வர வேண்டும் என்றார்கள். அப்பா அப்படியே சாரத்தோடு ஏறிப் போய்விட்டார். டிரைவருக்கு ஒன்றுமில்லை, சாக்கடையில் விழுந்த குலைகள்தான் பாவம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் நீ போர்ச்சில் தனியாக நின்றாய். கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் போன் அடித்தாய், அது வரவேற்பறையில் மேசைமேல் அடித்தது. காக் ரொஹானி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, நீ போ, அவர் வரும்வரை பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையை ஆட்டினாள். நீ தலையாட்டினாய், ஆனால் நகரவில்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் கப்பல் உனக்காக நிற்காது. ஒப்படைக்காமல் போவது உன்னால் ஆகாது. உன் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் பள்ளிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பா நின்ற இடத்தில் போய் நின்றேன்.

"என்கிட்ட ஒப்படைம்மா."

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாய். பிறகு முதலிலிருந்து தொடங்கினாய். கேஸ், பம்ப், கொடியில் துணி, மீன் எந்தத் தட்டில், எல்லாம் அதே குரலில். ஒரு சொல்கூடச் சின்னப்பிள்ளைக்கு என்று மாற்றவில்லை. கடைசியில், "சந்தேகம்?"

"அப்பாவும் என் பொறுப்பா?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "ஆமா. வீட்டுல இருக்கிற எல்லாரும்."

ஏற்றுக்கொண்டேன். நீ சல்யூட் அடித்தாய், அம்மா. எனக்கு. நான் திருப்பி அடிக்கையில் கண்ணாடி கழன்று விழுந்தது. அதை எடுத்து மாட்டும் முன்பே காக் ரொஹானி வந்து என்னை உள்ளே கூட்டிப்போய்விட்டாள்.

அப்பா இடுப்புவரை சேறாக வந்தார். காலைக் கழுவாமல் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் நிறுத்தினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் வாதாடவே இல்லை. "சரிங்க ஆபீசர்" என்று குழாயடிக்குப் போனார். நீ திரும்பி வரும்வரை அந்த வீட்டில் நான்தான் அதிகாரி. அவர் காப்பிக் கடைக்குப் போக அனுமதி கேட்பார். வாரத்துக்கு ஒரு தடவைக்குமேல் ஆட்டிறைச்சி கூடாது என்று நான் தடை போட்டேன், அவருக்குக் கொலஸ்ட்ரால் இருந்தது. நீ கோத்தா கினபாலுவிலிருந்து போன் செய்தபோது அவர் குரலைத் தாழ்த்தி உன்னிடம் மேல்முறையீடு செய்தது எனக்குக் கேட்டது. உன் பதிலும் கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. பொறுப்பு அவகிட்ட இருக்கு."

நீ வந்த நாளில் நான் கேட்டைத் திறக்கவில்லை. நீயும் திறக்கச் சொல்லவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, கருத்துப்போன முகத்தோடு, வெயிலில் நின்று கேட்டாய். கேஸ் மாற்றியாயிற்று, பம்ப்புக்கு ஆள் வந்து பார்த்தார், கணிதத்தில் எழுபத்தெட்டு, அப்பா ஒரு தடவை திருட்டுத்தனமாக மட்டன் சாப்பிட்டார், சட்டையில் குழம்பு இருந்தது. ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும், ஆனால் அறிக்கை முடியவில்லையே. நீ அவசரப்படுத்தவில்லை. மட்டன் விஷயத்தில் மட்டும் ஒரு துணைக்கேள்வி கேட்டாய். "ஒப்படைக்கிறேன்" என்று நான் சொல்லி, நீ "ஏத்துக்கிட்டேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் கேட்டின்மேல் ஏறிவிட்டேன். அப்பா பின்னாலிருந்து, "ரெண்டு ஆபீசர்களும் உள்ள வந்தா சோறு போடலாம்" என்றார். அன்றைக்கு இறால் சம்பால். என் பதவியும் அன்றோடு போயிற்று. அப்பா மறுநாளே ஆட்டிறைச்சி வாங்கினார்.

கடைசியில் நீ மருத்துவமனையில் கிடந்தபோதுகூட நர்சுகள் பணி மாறும் நேரம் உனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். ஒருநாள் அவர்கள் போகப் பார்க்கையில், நாலாம் கட்டில் பாட்டிக்குக் காலையில் மாத்திரை கொடுக்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய் தங்கச்சி என்றாய். அந்தப் பெண் உனக்கு நிமிர்ந்து சல்யூட் அடித்தாள். வலியிலும் நீ அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்படியெல்லாம் இருந்தவளுக்குப் பயம் இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. வார்த்தையைச் சொன்னாய், காரில் ஏறினாய், போனாய். நான் உன் மகள்தானா என்று இந்தக் கொஞ்ச நாளாக எனக்கே சந்தேகம். கயல் எழுந்துவிட்டாள். நாளை எழுதுகிறேன்.

•

திங்கட்கிழமை மாலை.

தொடர்கிறேன், அம்மா. நேற்று எழுதியதை இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

காலையில் நான் பை, சாப்பாட்டுப் பெட்டியோடு போர்ச்சுக்கு வந்தபோது அப்பா ஏற்கெனவே கயலைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தில் நின்றிருந்தார். அதே இடம். பனியனுக்குப் பதில் இஸ்திரி போட்ட சட்டை. என் கணவர் பிரகாஷ் ஷிஃப்ட் முடிந்து வர இன்னும் நேரமிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே, "ம், சொல்லு" என்றார்.

சொன்னேன். கஞ்சி எவ்வளவு, பால் எப்போது, எந்தப் பொம்மையின் கண் கழன்றிருக்கிறது, எந்தப் பக்கம் தட்டினால் தூங்குவாள், எந்த மின்விசிறி வேகம், பல் வருகிறது, அதனால் கையில் கிடைத்ததைக் கடிப்பாள், காய்ச்சல் பார்க்கும் கருவி எங்கே, மருந்து எத்தனை மில்லி. சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போயிற்று. சொன்னதையே மறுபடி சொன்னேன். கயல் அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு தடவைகூட இடைமறிக்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் கேட்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம். வலிப்பு வந்துச்சுன்னா முதல்ல உனக்கு அடிக்கணுமா, பிள்ளையப் பார்க்கணுமா?"

அம்மா, என் போன் எண்ணை நான் குளிர்ப்பெட்டியில், தொட்டிலில், கழிப்பறைக் கதவில் எல்லாம் ஒட்டிவைத்திருந்தேன். என் வாயில் வந்த பதில் "எனக்கு" என்பதுதான். அதை விழுங்கினேன். விழுங்குவது சுலபமாக இல்லை.

"பிள்ளையப் பாருங்கப்பா. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. வாயில ஒண்ணும் வைக்காதீங்க. ஆம்புலன்ஸுக்கு அடிங்க. எனக்கு அப்புறம் சொன்னாப் போதும்."

"அப்புறம்னா?"

"எல்லாம் பார்த்த அப்புறம்."

அவர் தலையாட்டினார். அந்த ஒன்று தெரிந்தால் போதும், மற்றதையெல்லாம் உன்னை வளர்த்தபோதே பார்த்தாகிவிட்டது என்றார். பிறகு காத்திருந்தார். நான் சொல்ல வேண்டிய வார்த்தைக்காக. அது வரவில்லை. காக் ரொஹானி வீட்டுச் சேவல் கூவியது. கயல் அதன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அம்மாவுக்குப் பயமே இருந்ததில்லையா அப்பா என்று கேட்டேன்.

அப்பா என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, கயலும் சேர்ந்து குலுங்க.

"உங்கம்மாவுக்கா? நல்லாக் கேட்டே போ. காடியில ஏறி உட்கார்ந்தான்னா இந்தக் கேட்லேர்ந்து பெரிய ரோட்டுச் சிம்பாங் வரைக்கும் முதல் கியர்தான். மாட்டு வண்டி முந்திட்டுப் போயிரும். நான் உன்னை இழுத்துக்கிட்டு உள்ள போறது எதுக்குன்னு நினைச்சே? நீ கேட்ல நின்னா அவளால போகவே முடியாதுன்னு சொல்லியிருந்தா. அடுப்படிச் சன்னல்ல நின்னு சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். உர்ருன்னு அந்த ஒரே சத்தம். பின்னாடி வர்ற மீன் லோரிக்காரன் ஹார்னை அமுக்குவான். நகரமாட்டா. சிம்பாங் திரும்பின அப்புறம்தான் அவ ஓட்டுற மாதிரி ஓட்டுவா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"நீ படிச்சு வேலைக்குப் போன அப்புறமும்தான். உன் கல்யாணத்துக்கு மறுநாள் லுமுட் போனா பாரு, அன்னிக்கு ரொம்ப மோசம்."

இத்தனை வருடம் நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், அம்மா. நீ வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தாய். லுமுட்டிலிருந்து வரும்போது ஏவுகணை, போகும்போது மாட்டு வண்டிக்கும் பின்னால். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து மூக்கு ஒழுகியது. அப்பா கயலின் துப்பட்டியை நீட்டினார்.

"ஒப்படைக்கிறேன்பா" என்றேன்.

"ஏத்துக்கிட்டேன்."

உடனே திரும்பி உள்ளே போய்விட்டார். கயல் அவர் தோள்மேல் தலையை வைத்து என்னைப் பார்த்தபடி போனாள். அழவில்லை. அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

என் கார் ஆட்டோ. முதல் கியர் என்று தனியாக ஒன்று இல்லை. பிரேக்கில் காலை வைத்து, விட்டு, வைத்து, விட்டு, தாமான் குடியிருப்பு வீடுகளை ஒவ்வொன்றாகக் கடந்தேன். நாலாவது வீட்டைத் தாண்டுவதற்குள் ஒரு காய்கறி வேன் பின்னால் வந்து ஹார்ன் அடித்தது. நான் கையை வெளியே நீட்டி, போங்கள் என்று சைகை காட்டினேன். கடந்து போகையில் அந்த ஆள் என்னைத் திட்டத் திரும்பினார். நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவரும் கையை ஆட்டிவிட்டுப் போனார். சிம்பாங் சந்தி வந்தது. கிள்ளான் பக்கம் திரும்பினேன். அதன் பிறகு நான் ஓட்டிய வேகத்தை உன் மருமகனிடம் சொல்லப்போவதில்லை.

மதியம் ஒரு தடவைதான் போன் செய்தேன். வெயிலில் வெளியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்று பாதி சொல்லிவிட்டேன். நடுவில் பிடித்துத் திருப்பி, "வெளியில வெயிலாப்பா?" என்று முடித்தேன். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெயில்தான், நாங்கள் உள்ளேதான் இருக்கிறோம், பிள்ளை கஞ்சியைத் தலையில் கொட்டிக்கொண்டாள், மற்றபடி கப்பல் நன்றாக ஓடுகிறது என்றார். பின்னால் கயலின் சத்தம் கேட்டது. இப்போது சொல்ல முடியும், அந்தச் சத்தம் உன்னுடையதுதான். மருந்தகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. நான் போனை வைத்துவிட்டு அடுத்த வரிசை எண்ணை அழைத்தேன். வந்தவள் கைக்குழந்தையோடு ஒரு சின்னப்பெண், கண்ணில் தூக்கமில்லை. காய்ச்சல் மருந்தின் அளவைச் சொன்னேன். பயப்பட ஒன்றுமில்லை என்று மட்டும் இந்தத் தடவை சொல்லவில்லை. எனக்கும் பயம்தான், என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றேன்.

உன் பதக்கங்கள் அப்பாவின் பீரோவில் இருக்கின்றன. வாள் ஒன்று சுவரில் தொங்குகிறது, கயலுக்கு எட்டாத உயரத்தில். என்னிடம் இருப்பது அந்தத் தெரு, அம்மா. நம் கேட்டிலிருந்து பெரிய சாலை வரை. பயம் போன பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று நான் இத்தனை மாதமாகக் காத்திருந்தேன். நீ அதைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

நாளைக்கும் ஆறேமுக்காலுக்குக் கிளம்ப வேண்டும். சந்தி வரை மெதுவாகத்தான் போவேன். யார் ஹார்ன் அடித்தாலும்.

உன் மகள்